வீடு தேடுவோரும் நமது கதைகளும்

பட்டணத்தில் வாடகைக்கு வீடு தேடி அலையும் மனிதன் நவீனத் தமிழ்ப் புனைகதைக்குப் புதியவனல்லன். ஒண்டுக் குடித்தனங்களும், வீட்டுச் சொந்தக்காரரின் நிபந்தனைகளும், குழாயடிச் சச்சரவுகளும், மாதம் பிறந்தால் வாடகைப் பணத்துக்கு வழி காணாது தவிக்கும் குமாஸ்தாக்களும் சென்னையைக் களமாகக் கொண்ட கதைகளில் நிறைந்து கிடக்கின்றனர். அசோகமித்திரன் தமது ‘தண்ணீர்’ நாவலில் (1973) ஒரு தெருவின் தண்ணீர்த் தட்டுப்பாட்டைக் கொண்டே அந்நகரத்துக் கீழ் நடுத்தர வர்க்கத்தின் வாழ்வை அளந்து காட்டிவிட்டார். வீடு தேடுவோன் ஒரு பேட்டையிலிருந்து மறு பேட்டைக்குப் போகும்போது வாசகனும் அவனுடன் போகிறான். எந்தத் தெருவில் எந்தச் சாதியார், எந்த முடுக்கில் எந்தத் தொழிலாளர், எங்கே மாடி, எங்கே குடிசை என்பவையெல்லாம் பிரசங்கமின்றியே புலப்பட்டுவிடுகின்றன. ஒரு நகரின் வர்க்க அமைப்பைக் கதையாக்க இதனினும் எளிய உபாயம் இல்லை.

இவ்வுண்மையை இலக்கியக்காரருக்கு முன்பே ஒரு சமூக விஞ்ஞானி கண்டுகொண்டார். பிரெடெரிக் ஏங்கல்ஸ் இருபத்துநான்கு வயது இளைஞராயிருந்தபோது எழுதி 1845ஆம் ஆண்டு வெளியிட்ட, இங்கிலாந்துத் தொழிலாளி வர்க்கத்தின் நிலைமை பற்றிய நூலில், மான்செஸ்டர் நகரைத் தெருத் தெருவாக நடந்து பார்த்து எழுதிய பகுதிகள் இன்றும் உயிருள்ளவை. அந்நகரில் வசதியுள்ளவன் ஆண்டுக்கணக்காக வாழலாம்; தினந்தோறும் தன் வியாபார ஸ்தலத்துக்குச் சென்று திரும்பலாம்; ஆயினும் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றேனும் அவன் கண்ணிற் படாது. பிரதான வீதிகளின் இரு மருங்கிலும் வரிசையாக நிற்கும் கடைகள் பின்னாலுள்ள வறுமைக்குத் திரையாகிவிடுகின்றன என்றார் அவர். நகரத்தைப் படிக்க விரும்பும் எழுத்தாளன் அத்திரையின் பின்னே போகவேண்டும் என்பது அந்நூல் தரும் பாடம்.

வெலிமடையிலிருந்து இதனை எழுதும் நமக்கு நெடுநாளாக ஒரு கேள்வி உண்டு. ஏறத்தாழ இருநூறு ஆண்டு வயதுடைய நமது தோட்டச் சமுதாயத்தின் கதைகளில் இந்த வீடு தேடும் மனிதன் ஏன் இத்துணை அரிதாயிருக்கிறான்? வீடு பற்றிய கதைகள் நம்மிடம் ஏராளம். வீட்டைத் தேடும் கதைகளோ மிகச் சில. இக்குறையை எழுத்தாளரின் கற்பனை வறட்சி என்று சொல்லி ஒதுக்குவது நியாயமாகாது. காரணம் நமது சரித்திரத்தில் இருக்கிறது.

தேடுவதற்குத் தெரிவு வேண்டும். ஒன்றை வேண்டாமென்று சொல்லி மற்றொன்றைப் பார்க்கப் போகும் சுதந்திரம் உடையவனே வீடு தேடுகிறான். கடல் கடந்து வந்த தொழிலாளிக்குக் கங்காணி காட்டிய காம்பராவே வீடு. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை ஒன்று, முன்னால் ஓர் இஸ்தோப்பு. முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை வரிசை லயமாயின், சுவருக்கு அப்பால் வேறொரு குடும்பம். செக்ரோலில் பெயர் உள்ளவரை காம்பரா. பெயர் வெட்டப்பட்டால் காம்பராவும் போயிற்று. குடியிருப்பு கூலியின் ஒரு பகுதியாயிற்று. ஆகவே அது கூலிக்காரனைப் பிணைக்கும் கயிறுமாயிற்று.

தோட்டத்துக்கும் பேட்டைகள் உண்டு என்பதை நாம் மறந்துவிடலாகாது. மலையின் உச்சியிலோ காற்றோட்டமான மேட்டிலோ துரையின் பங்களா. அதற்குக் கீழே கிளாக்கர்மாரின் வீடுகள். கணக்கப்பிள்ளைக்குத் தனி வீடு. அதற்கும் கீழே, பெரும்பாலும் சரிவிலும் ஓடைக்கரையிலும், லயங்கள். அந்த லயங்களுக்குள்ளும் இன்ன கங்காணியின் ஆட்கள், இன்ன சாதியார் என்று பிரித்தே குடியேற்றினர். ஒரு மலைச்சரிவே ஒரு பட்டணத்தின் வர்க்க வரைபடமாய் விரிந்து கிடக்கிறது. ஆனால் மான்செஸ்டரிற் போல் இங்கே திரை இல்லை. பதுளைக்கு வரும் ரயிலில் ஜன்னலோரம் அமர்ந்திருப்பவன் லயங்களை நன்றாகவே காண்கிறான். பச்சைக்கு நடுவே தகரக் கூரைகள் அழகாகத் தோன்றுகின்றன என்று படமும் பிடித்துக்கொள்கிறான். மறைக்கும் திரையைக் காட்டிலும் இந்த அழகு கொடியது என்று சொல்லத் தோன்றுகிறது.

பழைய துண்டு முறையை எண்ணிப் பாருங்கள். ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்குப் போக விரும்பிய தொழிலாளியின் கையில், அவனுடைய கடன் இவ்வளவு, இதைக் கட்டினால் இவனை விடுவிப்போம் என்று எழுதிய துண்டு இருக்கவேண்டும். அவன் வீடு மாறினானென்றால் அவனுடைய கடன் கைமாறிற்று என்று பொருள். 1921இல் அம்முறை ஒழிக்கப்பட்டது. எனினும் வேலையும் கூரையும் ஒன்றாய்ப் பிணைந்த நிலை ஒழியவில்லை. 1946இல் கேகாலைப் பகுதியின் நேவ்ஸ்மியர் தோட்டத்துக் காணியை அரசாங்கம் கிராம விஸ்தரிப்புக்காக எடுத்தபோது, பரம்பரையாக அங்கே வாழ்ந்தவர்கள் தங்கள் காம்பராக்களை விட்டு வெளியேற மறுத்ததற்காகவே அத்துமீறல் குற்றஞ்சாட்டப்பட்டு நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டனர். பிறந்த அறையில் இருப்பதே அத்துமீறல் ஆகிவிட்டது. இரண்டு ஆண்டுகள் கழித்து 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1947இல் பதுளைத் தொகுதியிலிருந்து எஸ். எம். சுப்பையாவைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய சமூகம், அடுத்த தேர்தலில் வாக்குச் சாவடியின் பக்கமே போகமுடியாத சமூகமாயிற்று. நாடே இல்லை என்று சொல்லப்பட்டவன் எந்தத் தெருவில் வீடு பார்ப்பான்?

இந்தப் பின்னணியில்தான் சி. வி. வேலுப்பிள்ளையின் ‘வீடற்றவன்’ நாவலை மதிப்பிடவேண்டும். 1981இல் நூலுருவம் பெற்ற அந்நாவலில், தொழிற்சங்கம் அமைக்க முற்பட்டதற்காக வேலையையும் இருப்பிடத்தையும் ஒருசேர இழந்து அலையும் தொழிலாளியைக் காண்கிறோம். சி. வி. தாமே தொழிற்சங்கவாதி, 1947இல் தலவாக்கலையின் பிரதிநிதியாய்ப் பாராளுமன்றத்தில் அமர்ந்தவர். பற்றுச்சீட்டு கொடுத்து அனுப்பப்பட்ட மனிதர்களை அவர் புத்தகத்தில் படித்து அறியவில்லை. மேல்நாட்டு நாவலின் கதாநாயகன் நல்ல வீட்டைத் தேடி நகரை வலம் வருகிறான், சி. வி.யின் மனிதனோ ஒரு கூரையிலிருந்து துரத்தப்பட்டு நாட்டை வலம் வருகிறான். அவனுடைய பயணத்தில் தெரிவு இல்லை. இதுவே நமது வீடு தேடும் கதையின் முதல் வடிவம். நாவலின் கட்டமைப்பு ஆங்காங்கே தளர்ந்திருக்கிறது என்று குறை சொல்வோர் உளர். அக்குறையை நாம் மறுக்கவில்லை. ஆனால் ‘வீடற்றவன்’ என்ற அப்பெயரை ஒரு தனிமனிதனின் துர்ப்பாக்கியமாக அன்றி ஒரு வர்க்கத்தின் சட்ட நிலையாகவே அவர் எழுதினார் என்பதைக் குறை கூறுவோர் போதிய அளவு கவனிக்கவில்லை.

ஊவா மண்ணில் பிறந்து, தாம் பணியாற்றிய தோட்டத்தின் பெயரையே தம் பெயருடன் சேர்த்துக்கொண்ட தெளிவத்தை ஜோசப் (1934-2022) இப்பொருளை வேறு திசையில் கொண்டு சென்றார். அவருடைய ‘மீன்கள்’ என்ற சிறுகதை, ஒரே காம்பராவுக்குள் வளர்ந்த பிள்ளைகளும் பெற்றோரும் ஒன்றாய்ப் படுத்துறங்க வேண்டிய நெருக்கடியைப் பொருளாகக் கொண்டது. நம் கதைகள் பலவற்றில் இட நெருக்கடி ஒரு புள்ளிவிவரமாக வந்து நிற்கிறது. இக்கதையிலோ அது ஒரு கணவனின் கூச்சமாகவும் குற்றவுணர்வாகவும் மாறுகிறது. வறுமையைப் பற்றி எழுதுவோர் பசியைச் சொல்வர். வெட்கத்தைச் சொல்பவர் சிலரே. இரண்டாவது காம்பரா ஒன்றுக்காக மனிதன் எவ்வளவு ஏங்குவான் என்பதைப் பட்டணத்து வாசகனுக்கு இதைவிடத் தெளிவாக எந்த அறிக்கையும் உணர்த்தியதில்லை.

அதே ஜோசப் பிற்காலத்தில் எழுதிய ‘குடை நிழல்’ குறுநாவலில் களம் கொழும்பாகிறது. தலைநகரில் வாழ வந்த மலையகத் தமிழன் ஒருவன், தமிழன் என்ற ஒரே காரணத்தால் சந்தேகத்துக்கு ஆளாகிப் பொலிஸாரால் கொண்டுசெல்லப்படும் அநுபவம் அது. தோட்டத்தில் அவனுக்கு இருப்பிடத்தைத் தந்தவன் துரை. நகரத்தில் அவன் இருப்பிடத்தைச் சந்தேகிப்பவன் பொலிஸ்காரன். இதைக் கற்பனையின் மிகை என்று எண்ணுவோர் 2007 ஜூன் 7ஆம் திகதியை நினைவுகூர வேண்டும். அன்றைய அதிகாலையில் கொழும்பின் லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர் 376 பேர் பஸ்களில் ஏற்றப்பட்டு நகருக்கு வெளியே அனுப்பப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் தடையுத்தரவு பிறப்பிக்கும்வரை, ஒரு நகரில் அறை வாடகைக்கு எடுத்துத் தங்குவதற்கே தமிழன் காரணம் சொல்ல வேண்டியவனாயிருந்தான்.

இனி நாம் சொல்லவிருப்பது சிலருக்குக் கசக்கலாம். சி. வி.யும் ஜோசப்பும் திறந்த பாதையில் பின்வந்தோர் வெகுதூரம் போகவில்லை. இன்று நமது கைக்கு வரும் மலையகக் கதைகளிற் பாதிக்கு மேற்பட்டவை லயத்தின் வாசலில் ஆரம்பித்து லயத்தின் வாசலிலேயே முடிகின்றன. ஒழுகும் கூரை, இருமும் கிழவி, குடித்துவிட்டு வரும் தகப்பன், புகை மண்டிய அடுப்படி. இவை யாவும் உண்மை என்பதில் ஐயமில்லை. ஆனால் உண்மையையும் திரும்பத் திரும்ப ஒரே சொற்களில் சொன்னால் அது அச்சுவார்ப்பாகிவிடும். விமர்சகர்களும் இதற்கு உடந்தை. காம்பராவின் நீள அகலத்தைச் சரியாகச் சொல்லிவிட்டால் போதும், யதார்த்தம் கைகூடிவிட்டது என்று பாராட்டுப் பத்திரம் எழுதிவிடுகிறோம். யதார்த்தம் அளவுகோலில் இல்லை. மாறுகின்றதை மாறும்போதே காண்பதில் இருக்கிறது.

மாற்றம் நம் கண்ணெதிரே நடக்கிறது. தோட்டப் பாடசாலைகளிற் படித்து ஆசிரிய நியமனம் பெற்ற இளைஞர், கடைகளில் கணக்கெழுதும் பிள்ளைகள், காரியாலயங்களில் சேர்ந்த பெண்கள் வீடு பார்க்க வந்து பஸ் நிலையத்தில் இறங்குகின்றனர். இவர்களுள் ஒருவன் வெலிமடையில் அறை தேடுவதாக வைத்துக்கொள்வோம். ஊமா ஓயாவின் பள்ளத்தாக்கில் அமைந்த இந்தச் சிறு பட்டணத்தில் பஸ் நிலையத்தைச் சூழ்ந்த கடைத் தெருவில் அவன் முதலில் விசாரிப்பான். கடைக்கு மேலே ஓர் அறை இருக்கிறது, ஆனால் சமைக்கக் கூடாது என்பர். நுவரெலியா வீதியில் ஏறினால் முன்வாசலில் பூஞ்செடி வைத்த வீடுகள். அங்கே ‘எனெக்ஸ்’ உண்டு, முற்பணம் அவனுடைய பல மாதச் சம்பளத்தை விழுங்கும். கெப்பெட்டிபொல பக்கமாகப் போனால் உருளைக்கிழங்கும் கோவாவும் விளையும் வயல்களுக்கிடையே சிங்கள விவசாயிகளின் வீடுகள். பின்புற அறையொன்றை வாடகைக்கு விடுவோர் அங்கும் இருப்பர். முஸ்லிம் குடும்பங்கள் பலவாக வாழும் குருத்தலாவை, சில்மியாபுர முதலிய இடங்களில் கதவைத் தட்டினால் தமிழிலேயே பதில் கிடைக்கும். மொழி ஒன்றாயிருந்தும் வரலாறு வேறாயிருப்பதை அவன் அப்போதுதான் சிந்திக்கத் தொடங்குவான்.

பதுளைக்குப் போனால் பட்டணம் சற்று விரிகிறது. முதியங்கணை விகாரையின் சுற்றுப்புறம் ஒருவிதம். கடைத்தெருவின் மேல்மாடி அறைகள் வேறுவிதம். கடைச் சிப்பந்திகளாய் வந்த தோட்டத்துப் பிள்ளைகளிற் பலர் பகலில் விற்ற கடையின் மேலேயே இரவில் உறங்குகின்றனர். வேலையும் கூரையும் ஒரே முதலாளியின் கையில்! மலையிலிருந்து பட்டணத்துக்கு இறங்கியவன், லயத்தை வேறொரு பெயரில் சந்திக்கிறான். 1924இல் ரயில் பாதை வந்து முடிந்த நிலையத்தின் பக்கத்திலும், ஹாலி எல போகும் வழியிலும், இந்தகொடவிலும் வாடகை ஒரே அளவினதன்று. கேட்கப்படும் கேள்விகளும் ஒன்றல்ல. ஒரு பக்கத்தில் ‘என்ன உத்தியோகம்?’ என்பர், இன்னொரு பக்கத்தில் ‘எந்தத் தோட்டம்?’ என்பர். தோட்டத்தின் பெயரைச் சொன்னவுடன் வீட்டுக்காரரின் முகத்தில் ஒரு கணம் படரும் நிழலை எழுதத் தெரிந்த ஆசிரியன் எவனோ அவனே நாம் எதிர்பார்க்கும் கலைஞன். ‘மேல் வீட்டுக்கு ஆள் வந்துவிட்டது’ என்று சொல்லும் அந்த மரியாதையான பொய்யில் இனம், சாதி, வர்க்கம் மூன்றும் கலந்து கிடக்கின்றன. எது எவ்வளவு என்று பிரித்துக் காட்டுவது பத்திரிகை அறிக்கையால் ஆகாத காரியம், சிறுகதையால் ஆகும்.

கேட்டு அறியவேண்டிய வேறு விஷயங்களும் உண்டு. பண்டாரவளைப் பக்கம் வீடு பார்ப்பவன் கிணற்றில் தண்ணீர் நிற்கிறதா, சுவரில் வெடிப்பு உண்டா என்று விசாரிப்பான். ஊமா ஓயாத் திட்டத்தின் சுரங்கத்தில் 2014இன் இறுதியில் நீர்க்கசிவு தொடங்கியபின் அப்பகுதியின் கிணறுகள் பல வற்றியதும் வீடுகள் வெடித்ததும் நாடறிந்த செய்தி. எல்லவிலோ அறை வாடகை வெளிநாட்டுப் பிரயாணியின் பணப்பையைப் பார்த்து நிர்ணயமாகிறது. அங்கே ஒரு தமிழாசிரியர் அறை கேட்பது சற்று வேடிக்கையான காரியம். ஒரு மாவட்டத்துக்குள்ளேயே இத்தனை பட்டணங்கள், இத்தனை வகைச் சுற்றாடல்கள்!

பட்டணத்துக்கு இறங்கமுடியாதவர்களின் நிலை என்ன? 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியாபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் அபாயமானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. ‘எச்சரித்தும் அவர்கள் ஏன் போகவில்லை?’ என்று படித்தவர்களும் கேட்டனர். எங்கே போவது என்ற கேள்வியை அவர்கள் கேட்டுக்கொள்ளவில்லை. சொந்தக் காணியோ வாடகைக்குக் கட்ட முற்பணமோ இல்லாமல், செக்ரோலில் பெயர் இருந்தால்தான் கூரை என்ற நிலையில், அபாயத்தை விட்டு விலகுவதும் ஒரு வசதியே. தப்பியவர்கள் மூடப்பட்ட தேயிலைத் தொழிற்சாலைக் கட்டிடத்தில் நெடுநாள் காத்திருந்தனர். மீரியாபெத்தை பற்றிக் கவிதைகள் எழுதப்பட்டன. அவற்றுட் பெரும்பாலானவை மண்ணையும் மழையையும் நொந்துகொண்டன. மண்ணைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எளிது. குடியிருப்பு முறையைக் கூண்டில் ஏற்றிய கவிதையை நாம் இன்னும் எதிர்பார்த்திருக்கிறோம்.

கடல் கடந்து திரும்பிப் போனவர்களையும் நமது எழுத்து அதிகம் பின்தொடரவில்லை. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் தலைவிதி 1974இல் சரிபாதியாய்ப் பிரிக்கப்பட்டது. போனவர்களில் ஒரு பகுதியினருக்காக நீலகிரியில் 1968 முதல் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் உருவாயின. அங்கும் தொழிலாளர் குடியிருப்பு. அங்கும் வேலை முடிந்தால் வீட்டை விட்டுப் போகவேண்டும் என்ற பயம். ஊவாவின் மலையும் நீலகிரியின் மலையும் ஒரே தொழிலாளிக்கு ஒரே வீட்டையே தந்தன.

புதிய வீடுகள் வருகின்றனவே என்று கேட்கலாம். ஆம், வருகின்றன. ஏழு பேர்ச் காணியில் தனி வீடு, காணிக்கு உறுதி என்ற திட்டம் ஒரு முன்னேற்றமே. அதைப் பரிகசிப்பது முற்போக்காகாது. பிரதேச சபைகள் தோட்டங்களுக்குப் பணம் செலவிடத் தடையாயிருந்த 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆம் பிரிவும் 2018இல் திருத்தப்பட்டது. ஆனால் அந்த வீடு யாருக்குக் கிடைக்கிறது, யார் சிபாரிசு செய்கிறார், பட்டியலில் யாருடைய பெயர் முன்னே போகிறது, பின்னே போன பெயர் யாருடையது என்பவை நாவலாசிரியனுக்குரிய விஷயங்கள். தோட்டத்துக்குத் தோட்டம் இவை பேசப்படுகின்றன, எழுதப்படத்தான் இல்லை. தபால் நேரே வந்துசேர ஒரு முகவரி வேண்டும் என்ற சிறிய ஆசையும் அவ்வாறே. தோட்டக் காரியாலயத்தின் மேசையில் கிடந்து பிந்திவந்த நேர்முகப் பரீட்சைக் கடிதத்தைப் பற்றி மலையகத்து ஆசிரியர் ஒவ்வொருவரும் ஒரு கதை சொல்வார். அவற்றுள் ஒன்றேனும் நல்ல சிறுகதையாக மலரவில்லையே என்பது நமது ஆதங்கம்.

இறுதியாகப் பெண்களைப் பற்றி. 1978இல் கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் திறந்தது முதல், வேலைக்காகப் புறப்பட்ட நாட்டுப்புறப் பெண்களின் வரிசையில் நமது ஊவாத் தோட்டங்களின் பெண்களும் சேர்ந்துகொண்டனர். கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு அங்கே போய், நான்கைந்து பேர் சேர்ந்து ஓர் அறையை வாடகைக்கு எடுக்கும் இளம்பெண் ஒருத்தி, தன் பரம்பரையிலேயே முதன்முறையாக ஓர் இருப்பிடத்தைத் தானே பார்த்துத் தானே பேரம் பேசுகிறாள். கழிவறை எத்தனை பேருக்கு, தண்ணீர் எத்தனை மணிக்கு, இரவு வேலை முடிந்து வரும் வழியில் விளக்கு உண்டா என்று அவள் கேட்கும் கேள்விகளில் வீடு பற்றிய ஒரு புதிய அறிவு இருக்கிறது. அவளுடைய பாட்டிக்கு இக்கேள்விகளைக் கேட்க ஆளும் இல்லை, சந்தர்ப்பமும் இல்லை. நமது கதாசிரியர்களோ, பெரும்பாலும் ஆண்கள், அவளைப் பட்டணத்தில் கெட்டுப்போனவளாகவோ அல்லது கெட்டுப்போகுமுன் காப்பாற்றப்பட்டுத் தோட்டத்துக்கே திரும்பி வந்தவளாகவோ மட்டும் காண்கின்றனர். அந்த அறையில் நால்வருக்கும் பொதுவான ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு இருக்கிறது. அதை யார் எந்த நாளில் பற்றவைப்பது என்பதற்கு அவர்கள் தமக்குள் வகுத்துக்கொண்ட ஒரு முறை இருக்கிறது. மாதக் கடைசியில் வாடகையைப் பங்கிட்டு எழுதும் ஒரு கொப்பி இருக்கிறது. அந்தக் கொப்பியை நமது எழுத்தாளருள் ஒருவர்கூட இன்னும் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை.